இன்று எத்தனை மணி நேரம் கேட்டான்?

"எப்ப மேடம் பேசுவான்?"

குழந்தையின் காதுப் பரிசோதனை முடிவைச் சொன்னதும் பெரும்பாலான பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சிலர் எதுவும் கேட்பதில்லை. ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைப்பார்கள், திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள், மறுபடி மடிப்பார்கள். அந்த நேரத்தில் நான் எவ்வளவு விளக்கினாலும் அவர்கள் காதில் ஏறாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்குப் புரியவில்லை. டெசிபல், ஆடியோகிராம், காது கேட்கும் கருவியின் வகைகள் என்று முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவர்களும் தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். அடுத்த வாரம் வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இப்போதெல்லாம் முதல் நாளில் குறைவாகவே பேசுகிறேன். அழுதால் அழ விடுகிறேன். அடுத்து எந்தத் தேதிக்கு வர வேண்டும் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன். "இது நீங்க செஞ்ச எதனாலும் வந்தது இல்லம்மா" என்பதைக் கட்டாயம் சொல்லிவிடுகிறேன்.

ஆறுதலுக்காக அப்படிச் சொல்வதில்லை. பிறவியிலேயே வரும் செவித்திறன் குறைபாட்டில் ஏறக்குறைய பாதிக்கு மேல் மரபணுக் காரணம்தான். அதில் அடிக்கடி காணப்படுவது கனெக்சின் 26 என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவில் உள்ள மாற்றம். அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று என்று அந்த மாற்றம் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் குழந்தையைப் பாதிக்கும். ஒன்று மட்டும் உள்ளவர்களுக்குக் காது நன்றாகவே கேட்கும்; தங்களிடம் அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் பரம்பரையில் ஒருவருக்கும் இல்லாத வீட்டில் திடீரென்று இப்படிப் பிறக்கிறது. இருவரிடமும் அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் 4-ல் 1 என்ற வாய்ப்பு உண்டு. "எங்க பக்கத்துல யாருக்குமே இந்தக் குறை கிடையாது" என்று என் அறையிலேயே ஒரு மாமியார் மருமகளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் இது வரும் என்பதைத் தாளில் படம் போட்டுக் காட்டினேன். அந்தப் பெண் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மரபணு அல்லாத காரணங்களும் உண்டு. கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் சி.எம்.வி. வைரஸ் தொற்று (பெரும்பாலும் வந்ததே தெரியாது), ரூபெல்லா, குறைப்பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை, பிறந்தபின் வரும் மூளைக்காய்ச்சல் போன்றவை. எவ்வளவு தேடினாலும் காரணம் பிடிபடாத குழந்தைகளும் இருக்கிறார்கள். காரணத்தைத் தேடுவது மருத்துவ ரீதியாக அவசியம். ஆனால் அது கிடைக்கும் வரை மற்றதையெல்லாம் நிறுத்தி வைக்காதீர்கள்.

வீட்டில் நடக்கும் "டெஸ்ட்" பற்றியும் சொல்ல வேண்டும். "பின்னாடி நின்னு தட்டைத் தட்டினா டக்குனு திரும்புறானே!" என்று நம்பிக்கையோடு சொல்வார்கள். ஒருமுறை ஒரு தாத்தா எனக்குச் செய்தே காட்டினார். குழந்தை பாட்டியின் மடியில் இருந்தது. தாத்தா பின்னால் போய்க் கை தட்டினார், குழந்தை திரும்பியது. அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. பாட்டியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி இன்னொரு முறை தட்டச் சொன்னேன். குழந்தை அசையவில்லை. முதல் முறை தாத்தா தட்டப் போகும்போது பாட்டி அவரை நிமிர்ந்து பார்த்திருக்கிறார். குழந்தை பாட்டியின் கண் போன திசையில் திரும்பியிருக்கிறது. கேட்காத குழந்தை மற்ற எல்லாவற்றையும் கூர்ந்து கவனிக்கும்: நிழல், தரையின் அதிர்வு, கை வீசும்போது வரும் காற்று, பெரியவர்களின் முகம். இன்னொன்று, தட்டுச் சத்தம் மிகப் பெரியது. அதற்குத் திரும்பும் குழந்தைக்குக்கூட பேச்சில் உள்ள ஸ, ஷ போன்ற மெல்லிய ஒலிகள் எட்டாமல் இருக்கலாம்.

"ங்கா ங்கானு சத்தம் போடுறானே" என்பதையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் அப்படிக் குரல் எழுப்பும். பிபிபி, மமமா என்று அசைகளை அடுக்கிப் பேசும் மழலை சுமார் 7 முதல் 10 மாதத்துக்குள் வர வேண்டும். அது வராமலோ, வந்து நின்றுபோயோ இருந்தால் உடனே பரிசோதிக்க வேண்டும். "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்ற பேச்சால் எத்தனையோ குழந்தைகளின் பொன்னான மாதங்கள் போயிருக்கின்றன. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் துறையில் 1-3-6 என்று ஒரு கணக்கு உண்டு. 1 மாதத்துக்குள் முதல்நிலைப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்வது, 6 மாதத்துக்குள் உதவியைத் தொடங்குவது. முதல்நிலையில் செய்வது பெரும்பாலும் ஓ.ஏ.இ. காதில் சின்ன முனையை வைத்து, உள்காதிலிருந்து திரும்பி வரும் மெல்லிய ஒலியைப் பதிவு செய்வார்கள். குழந்தைக்கு வலிக்காது. அதில் தேறாவிட்டால் பயந்துவிடவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் இருக்கும் திரவத்தால்கூட அப்படி வரும். ஆனால் மறுபரிசோதனைக்கு வராமல் போகும் குடும்பங்கள்தான் எங்களுக்குப் பெரிய கவலை. தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்களுக்கு மேல் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது, பெரா (ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்க வேண்டும். காது சரியாக இருந்தும் நரம்பின் வழியாக ஒலி மூளைக்கு ஒழுங்காகப் போகாத நிலை ஒன்று இருக்கிறது. ஓ.ஏ.இ.-யில் அது தெரியாது.

இந்த அவசரத்துக்குக் காரணம் மூளை. கருவிலேயே சுமார் 25-ஆவது வாரத்திலிருந்து குழந்தை ஒலியைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஒலியே போய்ச் சேராவிட்டால், கேட்பதற்கான மூளைப் பகுதி வேறு வேலைகளுக்குப் போய்விடும். 1998-ல் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், 6 மாதத்துக்குள் குறைபாடு கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி வளர்ச்சி, பிறகு கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாகவே மேம்பட்டிருந்தது. காக்ளியர் இம்பிளாண்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கருவி) வைத்த குழந்தைகளின் மூளை அலைகளை ஆராய்ந்த அனு சர்மா, மூன்றரை வயதுக்குள் ஒலி போய்ச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மூளையின் எதிர்வினை வயதுக்கேற்ற நிலைக்கு வந்துவிடுவதைக் காட்டினார். தாமதமாக வந்தவர்களுக்குக் கதவு மூடிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களுக்கு உழைப்பு கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான்.

இனி, "எப்ப பேசுவான்?" என்ற கேள்விக்கு வருகிறேன். நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: "இன்னைக்கு எத்தனை மணி நேரம் கேட்டான்?"

குழந்தை காதில் மாட்டும் கருவியைக் (ஹியரிங் எய்டு) கணினியில் இணைத்தால் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் அணிந்திருந்தான் என்பது தெரிந்துவிடும். பத்து மாதக் குழந்தை ஒன்றின் கணக்கில் இரண்டரை மணி நேரம் என்று வந்தது. அந்த வயதில் ஒரு குழந்தை ஏறக்குறைய பத்து மணி நேரம் விழித்திருக்கும். அப்படியே போனால் ஓர் ஆண்டு முடியும்போது அவன் கேட்டது மூன்று மாதம்தான் இருக்கும். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அந்த அம்மா எதுவும் பேசாமல், கருவியை மாட்டி, குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். 'கீ...' என்று விசில் கிளம்பியது. "தூக்கினாலே இப்படித்தான் மேடம் கத்துது. பால் குடுக்கும்போதும் கத்துது. பக்கத்துல எல்லாரும் பார்க்குறாங்க. கழட்டி வெச்சிடுவேன்."

இயர் மோல்டு (காதின் அளவுக்கு வார்த்து, கருவியின் ஒலியைக் காதுக்குள் கொண்டுபோகும் பகுதி) தளர்ந்துபோயிருந்தது. அந்த மோல்டு எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. முதல் வயதில் காது வேகமாக வளரும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது அளவு எடுக்க வேண்டும். நான் கணக்கைப் பார்ப்பதற்கு முன்னால் குழந்தையின் காதைப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். புது மோல்டு வந்தபின் அடுத்த முறை ஏழு மணி நேரத்துக்கு மேல் காட்டியது. அன்றிலிருந்து "ஏன் போடலை?" என்று யாரிடமும் கேட்பதில்லை. "எந்த நேரத்துல கழட்டுறீங்க?" என்றுதான் கேட்கிறேன். தீர்வு பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே இருக்கும். பிடுங்கி எறியும் குழந்தைக்கு உடையோடு பிணைக்கும் கயிறு, காதோரம் பிடித்து நிற்கும் மெல்லிய துணித் தொப்பி என்று வழிகள் உண்டு. குழந்தை கழற்றினால் கோபப்படாமல், சிரிக்காமல், உடனே திரும்ப மாட்டிவிடுங்கள். அதை அவன் விளையாட்டாக்கிக்கொண்டால் பழக்குவது கஷ்டம்.

தினமும் காலையில் கருவி மாட்டியதும் ஒரு நிமிட வேலை ஒன்று இருக்கிறது. டேனியல் லிங் என்பவர் வகுத்த ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். குழந்தை உங்கள் வாயைப் பார்க்காதபடி, சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சின்னக் குழந்தை என்றால் கண்ணை விரிக்கும், சப்புவதை நிறுத்தும், திரும்பும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை ஒலிக்கு ஒரு கட்டையை டப்பாவில் போடப் பழகிக்கொள்ளும். பேச்சில் உள்ள தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை இந்த ஆறிலேயே அடங்கிவிடும். நேற்று வரை 'ஸ்'-க்குத் திரும்பியவன் இன்று திரும்பவில்லை என்றால் பேட்டரி, மோல்டில் அடைத்த அழுக்கு, சளியால் நடுக்காதில் சேர்ந்த நீர் என்று வரிசையாகப் பாருங்கள். சரியாகாவிட்டால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.

பேட்டரி என்றதும் ஒரு எச்சரிக்கை. பூட்டு உள்ள பேட்டரி மூடியைக் கேட்டு வாங்குங்கள். பழைய பேட்டரியையும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டாலோ, மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலோ வெளியே வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

கருவி போட்டபின் வீட்டில் என்ன பேசுவது? பலர் பொம்மைப் படத்தைக் காட்டி "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்துகிறார்கள். வேண்டாமே. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி நீங்கள் பேசுங்கள். தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால் "தண்ணி ஊத்தலாமா? இதோ ஊத்துறேன். ஆ, ஜில்லுனு இருக்கு!" என்று ராகம் போட்டுச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள். குழந்தை ஒரு பார்வை பார்த்தாலும் கையை ஆட்டினாலும் அது அதன் பதில். அருகில் வந்து பேசுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறைந்துவிடும். வீட்டுக்குள்ளும் எட்டப் போனால் எதிரொலியும் இரைச்சலும் குரலை விழுங்கிவிடும். டிவி ஓடினால் கருவி அதையும் சேர்த்தே பெரிதாக்கும். யாரும் பார்க்காத டிவியை அணைத்து வைப்பது பெரிய உதவி. கத்திப் பேச வேண்டாம், கத்தினால் வார்த்தை சிதைந்துவிடும்.

2000-ல் மேரி பாட் மோயெல்லர் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளின் மொழி வளர்ச்சியோடு மிக நெருங்கிய தொடர்புள்ளதாகத் தெரிந்தது குடும்பத்தின் ஈடுபாடு. எவ்வளவு சீக்கிரம் பயிற்சி தொடங்கியது என்பது அதற்கு அடுத்தது. தெரபிக்கு வாரத்தில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் வருவீர்கள். மீதி நேரமெல்லாம் குழந்தை உங்களோடுதான் இருக்கிறது. அப்பாக்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன்: கருவியைத் துடைத்து மாட்டவும் பேட்டரி மாற்றவும் நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் குழந்தையின் காதும் அன்று மூடிவிடக் கூடாது.

காக்ளியர் இம்பிளாண்ட் பற்றி இங்கே விரிவாக எழுதவில்லை. ஹியரிங் எய்டு போதாத கடும் குறைபாட்டுக்கு அது நல்ல வழி. ஆனால் ஆபரேஷன் முடிந்ததும் கேட்காது. சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள், அதன்பின் பலமுறை மேப்பிங் (குழந்தைக்கு ஏற்றபடி கருவியின் அளவுகளைச் சரிசெய்வது), தெரபி என்று ஆண்டுக்கணக்கில் தொடரும். மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறன் போன குழந்தைக்கு மட்டும் ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போடாமல் நிபுணரைப் பாருங்கள். உள்காது எலும்பாக இறுகிவிட்டால் இம்பிளாண்டின் மின்முனையை நுழைப்பதே கடினமாகிவிடும். குறைபாடு உள்ள எல்லாக் குழந்தைக்கும் கண் பரிசோதனை வேண்டும். பிறவியிலேயே கடும் குறைபாடு என்றால் ஒருமுறை ஈ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்வேன். காதோடு சேர்ந்து இதயத் துடிப்பையும் பாதிக்கும் அரிய நோய் ஒன்று உண்டு.

சைகை மொழி என்றாலே பல பெற்றோருக்கு முகம் சுருங்குகிறது. "அதைக் கத்துக்கிட்டா பேச மாட்டான்னு சொல்றாங்களே?" சைகை பேச்சைத் தடுப்பதில்லை. இலக்கணமும் நகைச்சுவையும் கோபமும் கொஞ்சலும் உள்ள முழு மொழி அது. குழந்தைக்கு ஒரு மொழியாவது காலத்தில் கிடைக்க வேண்டும். மொழியே இல்லாமல் மூன்று, நான்கு வயது வரை வளர்வதுதான் உண்மையான ஆபத்து. காது கேளாமலேயே படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தும் பெரியவர்களை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். இதே பாதையில் இரண்டு வருடம் முன்னால் நடந்துவிட்ட இன்னொரு பெற்றோரோடும் பேசுங்கள். அவர்களிடம் கிடைக்கும் தெம்பை என்னால் தர முடியாது.

பேச்சு எப்போது வரும் என்று என்னால் தேதி குறிக்க முடியாது. ஆனால் எண்ண வேண்டிய வயது பிறந்த நாளிலிருந்து அல்ல, கருவி மாட்டிய நாளிலிருந்து. நன்றாகக் கேட்கும் குழந்தையே ஏறக்குறைய ஓர் ஆண்டு கேட்டபிறகுதான் முதல் சொல்லைச் சொல்கிறது. உங்கள் குழந்தைக்கும் அந்த ஓர் ஆண்டைக் கொடுங்கள்.

காத்திருக்கும் அந்த மாதங்களில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன். விசில் அடித்த மோல்டுக்காரக் குழந்தையின் அம்மாவும் ஒன்று வைத்திருந்தார். முதல் இரண்டு பக்கங்களில் வெறும் மணிக்கணக்குதான். மூன்றாம் பக்கத்தில் நீல மையில் இப்படி இருந்தது: "காலை 10.20. நான் சமையலறையில் இருந்து கூப்பிட்டேன். விளையாடிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். கதவைப் பார்த்தான்."