வாய்க்கால் மேல் கிடந்த கார்

கொழிஞ்சாம்பாறையில் மாமாவின் தென்னந்தோப்புக்குப் போக ஒரு வாய்க்காலைத் தாண்ட வேண்டும். குறுக்கே இரண்டு இரும்புச் சட்டங்கள். சின்ன வயதில் எத்தனையோ முறை அதன் மேல் நடந்திருக்கிறேன். அது ஒரு காரின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம் என்று அப்போது தெரியாது. அந்தக் கார் நிற்கும் போட்டோ இன்னும் வீட்டில் மாட்டியிருக்கிறது. "அது சிம்சன் காராக்கும்" என்பார் மாமா. ஏறும் படியில் 'சிம்சன், மெட்ராஸ்' என்று பித்தளைத் தகடு இருந்ததாம்.

தகடு பொய்யில்லை. ஆனால் கரூரில் பாடி கட்டிய பஸ்ஸின் இன்ஜினையும் கரூரிலா செய்தார்கள்? அன்றைய கார்களும் அப்படித்தான். சேஸிஸ் கப்பலில் வரும், பாடியை இங்கே கட்டுவார்கள். சிம்சனும் 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய கம்பெனிதான். இன்ஜினில் இருக்கும் பெயரையும் நம்ப முடியாது. பிரான்சின் டி டியான் பூட்டான் கம்பெனி பல சின்னக் கம்பெனிகளுக்கு இன்ஜின் விற்றது. அந்தப் பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

இருந்தாலும் மாமாவை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை. 1903இல் சிம்சனில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் ஒரு நீராவிக் காரையே செய்தார். இது அதுவாக இருந்தால்? போட்டோவை உற்றுப் பார்த்தேன். ரேடியேட்டருக்குக் கீழே சுற்றி ஸ்டார்ட் செய்யும் கைப்பிடி தொங்குகிறது. நீராவிக் காருக்கு அது வேண்டியதே இல்லை. சரி, பெட்ரோல் கார்.

அடுத்த சந்தேகம் ஃபோர்டு மாடல் டி. அந்தக் காலத்தில் ஊரெங்கும் ஓடியது அதுதானே. அதன் முன் பின் சக்கரங்களுக்கு இடைவெளி 100 அங்குலம், டயரோடு சக்கரத்தின் விட்டம் 30. வகுத்தால் 3.33. ஆனால் போட்டோவில் கார் கொஞ்சம் திரும்பி நிற்கிறது, சக்கரம் முட்டை வடிவத்தில் தெரிகிறது. இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். சக்கரத்தின் உயரத்தை அளக்கக் கூடாது. கார் திரும்பும்போது உயரம் குறையாது, அகலம் மட்டும் குறுகும். சக்கர இடைவெளியும் ஏறக்குறைய அதே அளவு குறுகும். ஆகவே அகலத்தால் வகுத்தால் திருப்பம் கழிந்துபோகும். எனக்கு அகலம் 1.4 செ.மீ., இடைவெளி 5.5 செ.மீ. கிடைத்தது. கிட்டத்தட்ட 3.9. ஃபோர்டு இல்லை.

மிச்சமிருந்தது சேஸிஸ் நம்பர்தான், அதுவும் தேய்ந்துபோயிருந்தது. ஆனால் இரும்பு அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. உளி மாதிரியான அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது, எண்ணின் பள்ளத்துக்கு அடியிலும் உலோகத்தின் படிகங்கள் நசுங்குகின்றன. மேலே தேய்ந்தாலும் அந்த நசுங்கல் உள்ளே இருக்கும். நன்றாக மெருகேற்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காப்பர் குளோரைடு கலந்து தடவினால், நசுங்கிய இடத்தையும் மற்ற இடத்தையும் அது வெவ்வேறு வேகத்தில் அரிக்கும். எண் நிழல் போலத் தெரியும். திருட்டு வண்டிகளின் அழிக்கப்பட்ட நம்பரைத் தடயவியல்காரர்கள் மீட்பதும் இப்படித்தான்.

கல்லூரி லேபில் இருக்கும் நண்பர் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு தடவினார். கால் மணி நேரத்தில் ஒரு 7 மெல்ல எழும்பியது, அப்புறம் ஒரு 4. அதற்கடுத்த இடத்தில் துரு நசுங்கலுக்கும் கீழே இறங்கியிருந்தது, வெறும் பள்ளம்தான். மாமா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சா எடுத்த இடத்துல போட்டுருங்க, நாளைக்குத் தேங்காய் வெட்டு" என்றார்.