டைஃபூனின் மையத்தை மட்டும் பார்க்காதீர்கள்

வானிலை முன்னறிவிப்பு என் தொழில். டைஃபூன் நெருங்கும்போது வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மையம் எங்கே கரையைக் கடக்கும்? கேட்பதில் தப்பில்லை. ஆனால் பதில் கிடைத்ததும், "அப்போ நமக்கு நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் போகுது" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கவலை. 1979-ல் பசிபிக்கில் சுழன்ற 'டிப்' டைஃபூனின் குறுக்களவு சுமார் 2,200 கிலோமீட்டர். அந்த அளவுக்கு முன்னால் நூறு கிலோமீட்டர் என்ன கணக்கு?

வடமேற்குப் பசிபிக்கில் உருவாகும் புயலின் காற்று மணிக்கு 118 கிலோமீட்டரைத் தொட்டால் அது டைஃபூன். அதற்குத் தீனி வெதுவெதுப்பான கடல்நீர். பொதுவாக 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், அதுவும் மேலாக மட்டுமல்ல, ஏறக்குறைய 50 மீட்டர் ஆழம் வரை, ஏனென்றால் புயலே கடலைக் கலக்கிவிடும், அடியில் குளிர்ந்த நீர் இருந்தால் அது மேலே வந்து புயலின் வேகத்தைக் குறைத்துவிடும். ஈரக்காற்று மேலே ஏறி மேகமாகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது, அந்த வெப்பம் நடுப்பகுதியைச் சூடாக்க, கீழே காற்றழுத்தம் குறைய, சுற்றிலும் உள்ள காற்று இன்னும் வேகமாக உள்ளே பாய்கிறது. சுழல வைப்பது பூமியின் சுழற்சி. அதனால்தான் நிலநடுக்கோட்டை ஒட்டி இவை உருவாவது அபூர்வம். 2001-ல் சிங்கப்பூர் அருகே வந்த 'வாமெய்' ஒரு விதிவிலக்கு. இதெல்லாம் கூடிவந்தாலும் மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் ரொம்ப வேறு வேகத்தில், வேறு திசையில் வீசினால் மேகக் கூட்டம் சாய்ந்து கலைந்துவிடும். நாங்கள் கண்காணிக்கும் தாழ்வுப் பகுதிகளில் பல இப்படித்தான் முடிந்துபோகின்றன.

சரி, உருவாகிவிட்டது. நடுவில் கண், பெரும்பாலும் 30 முதல் 65 கிலோமீட்டர் அகலம். அங்கே காற்று கீழே இறங்குவதால் மேகம் குறைவு, சில நேரம் வெயில்கூட அடிக்கும். அதைச் சுற்றி நிற்கும் கண்சுவரில்தான் உச்சக் காற்றும் கொட்டும் மழையும். கண் கடக்கும்போது, புயல் ஓய்ந்தது என்று நினைத்துக் கூரையைச் சரிபார்க்க வெளியே வருகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வராதீர்கள். கண்சுவரின் மறுபக்கம் இனிமேல்தான் வரும், காற்றும் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும், முதல் பாதியில் ஆட்டம் கண்ட சுவரும் மரமும் இரண்டாம் பாதியில் விழும்.

பலமான டைஃபூன்களில் சில நேரம் வெளியே இன்னொரு கண்சுவர் உருவாகிப் பழையதை விழுங்கிவிடும். அப்போது உச்ச வேகம் கொஞ்சம் குறையும், செய்தியிலும் 'வலுவிழந்தது' என்று வரும். ஆனால் பலத்த காற்று வீசும் பரப்பு விரிந்திருக்கும். புதுக் கண்சுவர் சுருங்கினால் வேகமும் திரும்ப ஏறலாம்.

அப்புறம் வலது பக்கம். பயணத் திசையைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம், வட அரைக்கோளத்தில் மோசமான பக்கம் அது. சுழலும் காற்றோடு புயல் நகரும் வேகமும் அங்கே சேர்ந்துகொள்ளும். 2013 நவம்பரில் 'ஹையான்' பிலிப்பைன்ஸைத் தாக்கியபோது மையம் டக்ளோபான் நகருக்குத் தெற்கே கடந்தது. நகரம் இருந்ததோ வலது பக்கத்தில், அதுவும் குறுகிச் செல்லும் விரிகுடாவின் முனையில். காற்று தள்ளிய கடல் போக இடமில்லாமல் ஊருக்குள் ஏறியது. அந்தப் புயலில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

காற்று வேகத்தை வைத்து மழையை எடை போடவும் முடியாது. 2009-ல் தைவானுக்கு வந்த 'மொராகோட்' காற்றில் பெரிய சூரன் இல்லை. ஆனால் மெதுவாக நகர்ந்தது, மழைப்பட்டைகள், அதாவது புயலைச் சுற்றி வளைந்து நீளும் மழைமேக வரிசைகள், மலைத்தொடரில் மோதிக்கொண்டே இருந்தன, அலிஷான் மலைப்பகுதியில் சில நாட்களில் 2,700 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஷியாவ்லின் கிராமம் மண்சரிவில் புதைந்தது.

வேக எண்களைப் பார்க்கும்போது யார் சொன்னது என்றும் பாருங்கள். ஜப்பான் வானிலை முகமை 10 நிமிடச் சராசரியைச் சொல்கிறது, அமெரிக்க ராணுவத்தின் டைஃபூன் எச்சரிக்கை மையம் 1 நிமிடச் சராசரியை. ஒரே புயலுக்கு இரண்டாவது எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். நேற்று ஒன்றையும் இன்று மற்றொன்றையும் பார்த்துவிட்டுப் புயல் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.