அடித்தல் திருத்தல் இல்லாத பாரதி நோட்டு

ஈரோட்டில் பழைய தாள், நோட்டு, பத்திரம் செப்பனிடுவது என் தொழில். வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது மஞ்சப்பையில் எதையாவது சுருட்டிக்கொண்டு வந்து, "இது பாரதியார் கையெழுத்துங்க" என்பார்கள். நான் சிரிப்பதில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி நம்பக் காரணம் இருக்கிறது. 1921 ஜூலைக் கடைசியில் கருங்கல்பாளையம் வாசகசாலைக்கு வந்து, 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசினார் பாரதி. அந்தப் பயணத்தைப் பற்றிச் சுதேசமித்திரன் பத்திரிகையில் அவரே எழுதினார். செப்டம்பரில் அவர் இல்லை. அன்றைக்குக் கூட்டத்தில் எங்கள் தாத்தா இருந்தார் என்று சொல்பவர்களை இன்றும் பார்க்கலாம்.

போன தை மாதம் கோபி பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். நூலால் தைத்த மெல்லிய நோட்டு. நான்கு மூலையிலும் மஞ்சளும் குங்குமமும். சரஸ்வதி பூஜைக்குப் பூஜை பொட்டு வைத்திருக்கிறார்கள். "எங்கப்பாரு வெச்சிருந்ததுங்க. பாரதியாரே எழுதிக் குடுத்தாருன்னு வூட்ல சொல்லுவாங்க."

நாலு பக்கம் புரட்டியதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. கவிஞர் பாட்டுக் கட்டுகிற தாள் அப்படி இருக்காது. ஒரு சொல்லை அடித்து மேலே இன்னொன்று, அதையும் அடித்து ஓரத்தில் மூன்றாவது என்று போகும். தொட்டெழுதும் கட்டைப்பேனா என்றால் இன்னொரு தடயமும் கிடைக்கும். யோசித்து நின்ற இடத்தில் நிப்பில் மை காய்ந்துபோகும். திரும்பத் தொட்டு எழுதும்போது அந்தச் சொல் மட்டும் கருகருவென்று எழும். பக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் கை எங்கே ஓடியது, எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். அச்சுப் புத்தகம் இதைக் காட்டாது. கையெழுத்துப் பிரதியைப் பார்க்கப் போகிறவர்கள் பலரும் கையெழுத்து அழகாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடித்த சொல்லை உற்றுப் படியுங்கள் என்பேன். வேண்டாம் என்று கவிஞர் தள்ளிய சொல் எது என்பது அங்கே மட்டும்தான் இருக்கும்.

ஆனால் சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. அச்சுக்கு அனுப்பக் கவிஞர்களே நல்ல பிரதி எழுதுவது உண்டு. அதனால் எழுத்துக்களை ஒப்பிட்டேன். பாரதி கையெழுத்தின் நிழற்படங்கள் அச்சில் கிடைக்கின்றன. புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே கையெழுத்துப் பிரதிகளையும் வைத்திருக்கிறார்கள். இவர் நோட்டின் எழுத்து எதனோடும் ஒட்டவில்லை. கடைசியில் சந்தேகத்தைத் தீர்த்தது ஒரு ளகரம். 'வாழிய செந்தமிழ்' என்பது 'வாளிய செந்தமிள்' என்று இருந்தது. யாரோ பாடக் காதால் கேட்டு எழுதியவர் கை.

நானே எடுத்துச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் 1928 கதையைச் சொன்னேன். அந்த வருடம் சென்னை மாகாண அரசு பாரதியின் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. கடையில் புத்தகம் கிடைக்காத நாளில் பாட்டெல்லாம் இப்படிக் கையால் எழுதிய நோட்டில்தான் இருந்திருக்கும். இந்த நோட்டு அந்த வருடத்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தாளும் மையும் அந்தக் காலத்துக்குப் பொருந்தின. பாரதியின் கையெழுத்து என்றால் விலை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டால் இந்த நோட்டை எந்த விலைக்கும் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

வருத்தம் வேறொன்றில். நடுவில் இரண்டு தாளை, 'பத்திரமாக இருக்கட்டும்' என்று பேரன் ஒரு கடையில் லேமினேட் செய்து வைத்திருந்தான். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். அதைப் பழையபடி பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அந்தக் கால மை பலவற்றில் இரும்புச் சத்தும் கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பும் சேர்ந்திருக்கும். அதன் அமிலம் தாளை மெல்லத் தின்னும். எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வட்டம் கட்டும், கடைசியில் எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழும். பிளாஸ்டிக்குக்குள் பூட்டிவிட்டால் அது தின்பதும் நிற்காது, நாம் கை வைக்கவும் முடியாது. செல்லோடேப்பும் அப்படித்தான். பசை மஞ்சளாகி எழுத்தோடு ஊறிவிடும். நாங்கள் கிழிசலுக்கு ஜப்பான் மெல்லிய தாளும் கோதுமை மாவுப் பசையும் போடுகிறோம், வேண்டும்போது ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம் என்பதால். பொட்டு வைக்கிற பழக்கத்தை விடச் சொன்னால் கோபம் வரும். வையுங்கள், மேலே சுற்றும் துணியில் வையுங்கள். ஓலைச்சுவடிக்கு வைத்த மாதிரி வேப்பிலையை நோட்டுக்குள் வைக்காதீர்கள். இலை கிடந்த இடம் அப்படியே கறையாகும்.

அடுத்தவரைச் சொல்கிறேன், நான் மட்டும் யோக்கியமா? தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடிதத்தில் சாதாரணப் பென்சில் என்று நினைத்து ஈரப் பஞ்சை ஒற்றினேன். அது காப்பியிங் பென்சில், ஈரம் பட்டால் மையாகக் கரைகிற வகை. கண் முன்னால் வரிகள் ஊதா நிறமாக விரிந்து ஓடின. இன்றைக்கும் ஒரு ஓரத்தில் ஊசிமுனை ஈரம் வைத்துப் பார்க்காமல் எதையும் நனைப்பதில்லை.

நோட்டை என்ன செய்வது என்று கேட்டார். முதலில் போட்டோ எடுங்கள், பிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும், எழுதாத பக்கத்தையும் ஓரத்தையும் விடாதீர்கள் என்றேன். தாளில் குத்திய குண்டூசி ஏதாவது இருந்தால் பிடுங்கி எறிந்துவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் படுக்கை வசமாக வைக்க வேண்டும். பரண் ஆகாது; சித்திரை வெயிலில் ஓட்டுக்கடியில் தாள் அப்பளமாகிவிடும். யாராவது கணினியில் ஏற்றினால் அந்த ளகரத்தைத் திருத்தக் கூடாது என்றும் சொன்னேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் எழுதியது, றா, ணை எல்லாம் பழைய வடிவில் இருக்கும். படிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்: "அப்பிடின்னா இது எங்கப்பாரு எழுத்துத்தானுங்களா?"

தெரியாது, வேறு ஏதாவது அவர் எழுதியது இருந்தால் பார்க்கலாம் என்றேன். பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. தோட்டத்துப் பத்திரத்தின் கடைசிப் பக்கம், அடியில் கையெழுத்து. பெயரில் இருந்த 'கு' கீழே இறங்கி மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்திருந்தது. நோட்டின் படங்களோடு வைத்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் அதே கொம்பு.