கப்பற்கோள்: 'பிரைவட்டீர்' என்பதற்குத் தமிழ்

பாய்மரக் காலத்துக் கடற்போர்க் கதைகளைத் தமிழில் படிக்கும்போது ஒரு சொல் எனக்கு எப்போதும் இடறும். மூலத்தில் 'பிரைவட்டீர்' என்று இருக்கும். தமிழில் 'கடற்கொள்ளையன்' என்று வந்திருக்கும். இரண்டு பக்கம் தள்ளி அதே ஆள் அரசன் கொடுத்த ஆணையை எடுத்து நீட்டுவான், நீதிமன்றத்தில் வழக்காடுவான், பிடித்த கப்பலைச் சட்டப்படி ஏலம் விடுவான். கொள்ளையனுக்கு ஏது நீதிமன்றம் என்று வாசகர் விழிப்பார். தவறு கதையில் இல்லை, சொல்லில் இருக்கிறது.

பிரைவட்டீர் என்பது தனியாருக்குச் சொந்தமான போர்க்கப்பல். அதில் போகிறவருக்கும் அதே பெயர்தான். 'பிரைவட்' என்ற சொல்லோடு, 'வாலண்டீர்' என்பதில் வரும் ஈற்றைச் சேர்த்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் உருவாக்கியது. சொல்தான் புதிது, வழக்கம் பழையது. வேற்று நாட்டான் ஒருவன் உன் சரக்கைப் பறித்துக்கொண்டான், அவன் நாட்டில் உனக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றால், அந்த நாட்டார் சரக்கில் ஈடு பறித்துக்கொள்ளலாம் என்று அரசன் எழுதிக் கொடுப்பான். 'லெட்டர் ஆஃப் மார்க்' என்ற ஆணையின் தொடக்கம் இதுதான். இந்த 'மார்க்' அடையாளக் குறி அல்ல. ஈடாகப் பறித்தல் என்ற பொருளில் தென் பிரான்சின் ஆக்சிதான் மொழியில் இருந்த சொல்லிலிருந்து வந்தது. பிறகு போர்க்காலத்தில் எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைப் பிடிக்க அரசு தரும் பொது அனுமதியாக அது மாறியது.

அந்த அனுமதி சும்மா கிடைப்பதில்லை. அமெரிக்கா 1812இல் பிரிட்டனோடு போர் தொடங்கியபோது இயற்றிய சட்டப்படி, கப்பல் முதலாளி 5,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் எழுதித் தரவேண்டும். கப்பலில் 150 பேருக்கு மேல் இருந்தால் 10,000 டாலர். பிடித்த கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, அது எதிரியுடையதுதான் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் விற்க முடியும். விற்ற பணத்தில் முதலாளிக்கு ஒரு பங்கு, மாலுமிகளுக்கு ஒரு பங்கு. பெரும்பாலும் மாலுமிகளுக்குச் சம்பளம் கிடையாது, பங்கு மட்டுமே.

ஆக, பிரைவட்டீரையும் கொள்ளையனையும் பிரிப்பது ஒரு தாள். அந்தத் தாள் என்ன பாடுபடுத்தும் என்பதற்கு வில்லியம் கிட் கதையைத்தான் சொல்லவேண்டும். 1696இல் 34 பீரங்கிகள் கொண்ட 'அட்வெஞ்சர் காலி' என்ற கப்பலில், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியத்தின் ஆணையோடு புறப்பட்டவர் அவர். பிரெஞ்சுக் கப்பல்களையும் கடற்கொள்ளையரையும் பிடிப்பது வேலை. முதல் போட்டவர்களில் பெரிய பிரபுக்களும் இருந்தார்கள். 1698 ஜனவரியில், கேரளக் கரைக்கு அப்பால் 'கெடா மெர்ச்சன்ட்' என்ற கப்பல் அவர் கண்ணில் பட்டது. (அந்தக் கெடா வேறெதுவும் இல்லை, நம் கடாரம்தான்.) ஆர்மேனிய வணிகர்களின் சரக்கு, அதில் ஒரு பகுதி முகலாய அவைப் பிரமுகர் ஒருவருடையது, கப்பல் தலைவனோ ஆங்கிலேயன். கிட் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு நெருங்கினார். வருவது பிரெஞ்சுக் கப்பல் என்று நம்பி, அவர்கள் தங்களிடமிருந்த பிரெஞ்சு அனுமதிச் சீட்டைக் காட்டினார்கள். அவ்வளவுதான். பிரெஞ்சுச் சீட்டோடு போகும் கப்பல், எனவே என் ஆணைப்படி இது பிடிக்கத் தக்கது என்றார் கிட்.

முகலாய அரசு கொதித்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தன் வணிகம் போய்விடுமோ என்ற பயம். முதல் போட்ட பிரபுக்கள் கைவிட்டார்கள். இப்படிப் பிடித்த இரண்டு கப்பல்களின் பிரெஞ்சுச் சீட்டுகள்தான் கிட்டுக்கு இருந்த ஒரே காப்பு, ஆனால் விசாரணையின்போது அவை அவர் கைக்குக் கிடைக்கவே இல்லை. 1701 மே 23 அன்று லண்டன் வாப்பிங்கில் தூக்கிலிட்டார்கள். முதல் முறை கயிறு அறுந்துவிட்டது, மறுபடியும் ஏற்றினார்கள். காணாமல் போன அந்தச் சீட்டுகள் 20ஆம் நூற்றாண்டில் லண்டன் அரசு ஆவணங்களுக்குள்ளேயே கிடைத்தன. கிட் அப்பாவி என்று நான் சொல்லவரவில்லை, தன் பீரங்கி வீரன் ஒருவனை அடித்துக் கொன்ற வழக்கும் அவர் மேல் இருந்தது. ஆனாலும் அந்தச் சீட்டுகளை நீதிபதி முன் வைக்க விடாதது அநியாயம்.

நூறு ஆண்டு கழித்து நம் வங்கக் கடலிலேயே இதற்கு நேர் எதிரான கதை நடந்தது. பிரெஞ்சுக்காரர் ராபர்ட் சுர்கூஃப் 1795இல் மொரிசியஸிலிருந்து 'எமிலி' என்ற சிறு கப்பலில் புறப்பட்டார். ஆளுநர் அவருக்குப் பறிமுதல் ஆணை தர மறுத்திருந்தார். 1796 ஜனவரியில் கங்கை முகத்துவாரத்தில், ஆற்றுக்குள் வரும் கப்பல்களுக்கு வழிகாட்டும் கப்பல் ஒன்றைப் பிடித்து அதில் ஏறிக்கொண்டு 'ட்ரைட்டன்' என்ற பெரிய ஆங்கில வணிகக் கப்பலை அணுகினார். வருவது வழிகாட்டி என்று அவர்கள் சும்மா இருந்துவிட்டார்கள். தன்னிடம் இருந்த இரண்டு டஜன் பேர்கூட இல்லாத கூட்டத்தை வைத்தே அதைப் பிடித்தார் சுர்கூஃப். துறைமுகம் திரும்பினால், ஆணை இல்லாமல் பிடித்தது செல்லாது என்று எல்லாவற்றையும் அரசே எடுத்துக்கொண்டது. பாரிஸ் வரை போய் வழக்காடித்தான் பணம் பெற்றார். பிறகு முறையான ஆணையோடு வந்து, 1800 அக்டோபரில் 'கான்ஃபியான்ஸ்' கப்பலிலிருந்து 'கென்ட்' என்ற கம்பெனிக் கப்பலைப் பிடித்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தனியார் போர்க்கப்பல்' தவறில்லை. ஆனால் அதில் ஆணையும் இல்லை, பறிப்பதும் இல்லை. 'உரிமம் பெற்ற கொள்ளையர்' என்பது விளக்கம், பெயர் அல்ல.

இந்தக் கருத்து தமிழுக்குப் புதிது என்று நினைத்துத்தான் நாம் தடுமாறுகிறோம். தொல்காப்பியத்தின் வெட்சித் திணையைப் பாருங்கள். 'வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்' என்கிறது. வேந்தன் அனுப்பிய வீரர்கள் பகை நாட்டில் களவாக ஆநிரை கவர்ந்துவருவது. 'களவு' என்றே சொல்கிறது, மழுப்பவில்லை. ஆனால் வேந்தன் விட்ட களவு, அதனால் போர். புறப்பொருள் வெண்பாமாலை இன்னும் கூர்மையாக, மன்னன் ஏவச் செய்வது 'மன்னுறு தொழில்', தானாகச் செய்வது 'தன்னுறு தொழில்' என்று வெட்சியையே இரண்டாகப் பிரிக்கிறது. கிட்டின் வழக்கு முழுவதும் இந்த இரண்டில் எது என்ற கேள்விதான். ஒற்றர் மூலம் உளவறிவது 'வேய்', நிரையைக் கவர்வது 'ஆகோள்', கவர்ந்ததைப் பங்கிடுவது 'பாதீடு' என்று துறைகளுக்கும் பெயர் உண்டு.

ஆகோள் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. கோள் என்றால் கொள்ளுதல். கடல் நிலத்தைக் கொண்டால் கடற்கோள். அப்படியானால் கப்பலைக் கொள்வது கப்பற்கோள். பிரைவட்டீர் கப்பலைக் 'கப்பற்கோள் கலம்' என்றும், அதில் போகிறவரைக் 'கப்பற்கோளர்' என்றும், கையிலிருக்கும் தாளைக் 'கப்பற்கோள் ஆணை' என்றும் எழுதலாம் என்பது என் பரிந்துரை. ஆணை இல்லாதவன் கடற்கொள்ளையனாகவே இருக்கட்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழையையும் திருத்திவிடலாம். பிடித்த கப்பலை ஆங்கிலத்தில் 'ப்ரைஸ்' என்பார்கள். அதைப் 'பரிசு' என்று மொழிபெயர்க்கிறார்கள். இந்த ப்ரைஸ், பிடிக்கப்பட்டது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, போட்டியில் கிடைக்கும் பரிசோடு சம்பந்தமில்லை. 'பிடிகப்பல்' என்றால் போதும். விற்ற பணத்தில் மாலுமிக்குக் கிடைப்பது பரிசுப் பணம் அல்ல, பாதீட்டுப் பணம்.

கப்பற்கோளை 1856இல் பல நாடுகள் சேர்ந்து ஏற்ற பாரிஸ் பிரகடனம் ஒழித்தது, அமெரிக்கா, ஸ்பெயின், மெக்சிகோ போன்ற சில நாடுகள் அப்போது அதில் சேராமல் விலகி நின்றன. அதனால் 1914இல் சென்னையில் குண்டு போட்டு, வணிகக் கப்பல்களைப் பிடித்துத் திரிந்து, தமிழில் 'எம்டன்' என்ற பட்டத்தையே விட்டுப்போன ஜெர்மன் கப்பலை இந்தப் பெயரால் அழைக்கக் கூடாது. அது அரசின் சொந்தக் கடற்படைக் கப்பல்.