வரிய மாத்திட்டா பாட்டு உங்களுது ஆயிடாது

தேர்தல் வந்தாலே எனக்கு இந்த கேஸ் வந்துடுது. இந்த தடவையும் ஒரு வேட்பாளருக்கு வீடியோ பண்ணிக்கொடுத்த எடிட்டர் தம்பி நோட்டீஸோட வந்து நிக்கறார். ஹிட்டான ஒரு சினிமா பாட்டோட ஒரிஜினல் ட்ராக்க அப்படியே எடுத்து, எதிர் வேட்பாளர கிண்டல் பண்ணி வரி எழுதி, லோக்கல் பாடகர பாடவச்சு ஏத்திருக்காங்க. வாக்குப்பதிவு நெருங்கற நேரத்துல பேஜே முடங்கிடுச்சு, வேலை கொடுத்தவங்க யாரும் போன் எடுக்கறதில்ல. "சார் இது பேரடி சார், பேரடிக்கு யாரும் கேஸ் போட முடியாதாமே"ன்னு கேக்கறார். பேரடின்னா ஒரு படைப்ப கிண்டலா நகலடிக்கறது. காப்பிரைட் கேஸ் நடத்தற வக்கீலா இத கேட்டு கேட்டு காது புளிச்சுப்போச்சு.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. நம்ம 1957 காப்பிரைட் சட்டத்துல பேரடிங்கற வார்த்தையே கிடையாது. இருக்கறது 52வது பிரிவுல "நியாயமான பயன்பாடு"ன்னு ஒரு விலக்கு. விமர்சனம், ஆய்வு, சொந்த உபயோகம், நடப்புச் செய்தின்னு சில காரணங்களுக்கு மட்டும்தான் அது. உங்க பேரடி இதுக்குள்ள நுழையணும்னா அது ஒரு விமர்சனமா இருக்கணும். எதோட விமர்சனம்? இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க.

கேரளால நடந்தத பாருங்க. மலையாள நாடக ஆசிரியர் தோப்பில் பாசியோட 1952 நாடகம் ஒண்ணு, கம்யூனிஸ்ட் கட்சி அங்க வளர்றதுக்கு பெரிய பலமா இருந்த நாடகம். 1995ல சிவிக் சந்திரன் அதுக்கு எதிர் நாடகம் எழுதி, அதே பாத்திரங்க, அதே வசனங்கள எடுத்துக்கிட்டு, அந்த நாடகம் பேசின கனவு ஏழைங்களுக்கு என்னாச்சுன்னு கேட்டாரு. பாசியோட குடும்பம் கோர்ட்டுக்கு போச்சு. 1996ல கேரள ஹைகோர்ட் சந்திரன் பக்கம் நின்னுச்சு, ஏன்னா அவர் எடுத்ததே அந்த நாடகத்தையும் அதோட அரசியலையும் விமர்சிக்கத்தான். எடுத்துக்கிட்ட விஷயமும் கிண்டல் பண்ற விஷயமும் ஒண்ணு. நீங்க என்ன பண்றீங்க? எதிர் வேட்பாளர் ரோடு போடலங்கறதுக்கு ஒரு இசையமைப்பாளரோட மெட்ட எடுக்கறீங்க, அந்த பாட்டுக்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவுல நம்மள விட தாராளமான சட்டம். அங்கயே இதுக்கு அடி விழுந்திருக்கு. செனட்டுக்கு போட்டி போட நின்ன சார்ல்ஸ் டிவோர் 2009ல பாடகர் டான் ஹென்லியோட ரெண்டு பாட்டுக்கு வரிய மாத்தி, ஒண்ணுல ஒபாமாவையும் இன்னொண்ணுல அப்போ செனட்டரா இருந்த பார்பரா பாக்ஸரையும் கிண்டல் பண்ணாரு. 2010ல கலிபோர்னியா பெடரல் கோர்ட் அது மீறல்னு சொல்லிடுச்சு, கடைசில மன்னிப்பு கேட்டு சமாதானமா போனாரு. அதே நாட்டுல 2000 அதிபர் தேர்தல்ல வேட்பாளரா நின்ன ரால்ப் நேடர், கார்டு கம்பெனி மாஸ்டர்கார்டோட "விலைமதிப்பில்லாதது" விளம்பர பாணிய எடுத்து, நிதி விருந்துல ஒரு தட்டு 1,000 டாலர், அரை உண்மை விளம்பரங்களுக்கு 1 கோடி டாலர், உண்மைய தெரிஞ்சுக்கறது விலைமதிப்பில்லாததுன்னு போட்டாரு. மாஸ்டர்கார்டு வழக்கு போட்டுச்சு, 2004ல நேடர் ஜெயிச்சாரு. எல்லாத்துக்கும் விலை ஒட்டற அந்த விளம்பரத்தோட புத்தியையே அவர் திருப்பி அடிச்சாரு, அதான் வித்தியாசம்.

"ட்யூன கொஞ்சம் மாத்திட்டோம் சார்"னு வர்றவங்க நியூசிலாந்த பாக்கணும். 2014 தேர்தல்ல அங்க நேஷனல் பார்ட்டி விளம்பரத்துல போட்டது அமெரிக்க ராப் பாடகர் எமினெமோட பாட்டே இல்ல, அத மாதிரி செஞ்ச ஒரு ட்ராக்கு, அதையும் மியூசிக் லைப்ரரில காசு கொடுத்துதான் வாங்கினாங்க. இருந்தும் 2017ல 6 லட்சம் நியூசிலாந்து டாலர் கட்டச் சொல்லுச்சு கோர்ட், அப்பீல்ல 2,25,000ஆ குறைஞ்சுது. இத்தனைக்கும் பில்லு கையில வச்சிருந்தவங்க!

நம்ம ஊர்லயும் 2022 நவம்பர்ல பாரத் ஜோடோ யாத்திரை வீடியோல ஒரு கன்னட படத்தோட இசைய போட்டதுக்கு, எம்ஆர்டி மியூசிக்ங்கற கம்பெனி கேட்டு பெங்களூரு கோர்ட் காங்கிரஸோட ட்விட்டர் கணக்கையே முடக்கச் சொல்லுச்சு. மறுநாளே கர்நாடகா ஹைகோர்ட் அந்த உத்தரவ எடுத்துவிட்டுச்சு, ஆனா அந்த வீடியோவ நீக்கணும்ங்கற நிபந்தனையோட. தேசிய கட்சிக்கு ராத்திரியோட ராத்திரியா ஹைகோர்ட் போக ஆள் இருக்கு, வார்டு கவுன்சிலர் வேட்பாளருக்கு இருக்கா?

30 செகண்டுக்குள்ள இருந்தா தப்பில்லங்கறது சுத்தப் பொய், அப்படி எந்த பிரிவும் சட்டத்துல இல்ல. கீழ கிரெடிட் போட்டா போதும்ங்கறதும் பொய், நன்றி சொன்னா அனுமதி வாங்கினதா ஆயிடாது. எம்சிஎம்சி (தேர்தல் விளம்பரங்கள சரிபாக்கற கமிட்டி) சர்டிபிகேட் வாங்கிட்டோம்னு ஒரு காகிதத்த நீட்டறாங்க, அது தேர்தல் விளம்பரத்துக்கு கொடுக்கற சான்று, பாட்டோட உரிமைய அது உங்களுக்கு வாங்கித் தராது. பாட்டுல வரி, மெட்டு, ரெக்கார்டிங்னு தனித்தனி உரிமை இருக்கு. நீங்க வரிய மட்டும் மாத்தினா மத்த ரெண்டும் அப்படியேதான் நிக்குது. உரிமைய கம்பெனிக்கு வித்துட்டாலும் படைப்பாளியோட பேருக்கு களங்கம் வர்ற மாதிரி சிதைச்சா 57வது பிரிவுல அவரே நேரா கேக்கலாம். தெரிஞ்சே மீறினா 63வது பிரிவுல 6 மாசத்துலருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, இத சொன்னா எல்லாரும் ஏதோ நான் பயமுறுத்தறேன்னு நினைக்கறாங்க.

கிண்டலே வேணாம்னு நான் சொல்லல, கிண்டல் இல்லாத தேர்தல் நமக்கு வேண்டவே வேண்டாம். சொந்தமா மெட்டு போடுங்க, ஊர்ல எவ்வளவோ பேர் கீபோர்டோட வேலை தேடிட்டு இருக்காங்க, அவங்களுக்கு காசு கொடுங்க. சினிமா மெட்டுதான் வேணும்னா பிரச்சாரத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே மியூசிக் கம்பெனிக்கு எழுதி, அரசியல் விளம்பரம்னு தெளிவா சொல்லி எழுத்துல வாங்குங்க. நடிகரோட முகத்தையோ குரலையோ ஏஐல செஞ்சு போடாதீங்க. போலி வீடியோ கவனத்துக்கு வந்தா 3 மணி நேரத்துல எடுக்கணும்னு 2024 மே மாசமே தேர்தல் கமிஷன் கட்சிங்களுக்கு சொல்லிடுச்சு.

எடிட்டர் தம்பிங்களுக்கு தனியா ஒரு வேண்டுகோள். எந்த பாட்டு, யார் கொடுத்தாங்க, அனுமதி யார் பொறுப்புன்னு ஒரு வாட்ஸ்அப் மெசேஜாவது வாங்கிட்டு வேலைய ஆரம்பிங்க. வாய் வார்த்தைய நம்பாதீங்கப்பா. நோட்டீஸ் வந்தா உடனே வீடியோவ இறக்குங்க, ஆனா ப்ராஜெக்ட் பைலையும் அந்த மெசேஜையும் டெலிட் பண்ணிடாதீங்க, உங்களுக்காக நாங்க பேசணும்னா அதுதான் எங்க கையில இருக்கணும்.