கை நடுங்கும் முன்பே வயிறு சொன்னது

கை நடுக்கம் என்று வருபவரிடம் "மலம் ஒழுங்காகப் போகிறதா?" என்று கேட்டால் முகம் சுளிப்பார். நரம்பு டாக்டருக்கு இந்தக் கேள்வி எதற்கு! பதில் பெரும்பாலும் மனைவியிடமிருந்துதான் வரும்: "அது பத்து வருஷமாவே இருக்கு டாக்டர். நாங்க வந்தது கைக்கு."

அந்தப் பத்து வருஷம்தான் எனக்கு முக்கியம். பார்க்கின்சன் நோயில் நடுக்கத்துக்கு வெகுகாலம் முன்பே மலச்சிக்கல் தலைகாட்டுவது உண்டு. மலச்சிக்கல் உள்ள எல்லோருக்கும் இந்த நோய் வராது, பயந்துவிடாதீர்கள். ஆனால் நோய் சிலருக்குக் குடல் நரம்புகளில் தொடங்கி, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறதோ என்ற கருத்தை 2003-இல் ஜெர்மன் ஆய்வாளர் ஹெய்கோ பிராக் முன்வைத்தார். இந்த நோயில் மூளை செல்களில் திரண்டு சேரும் அதே ஆல்ஃபா சைனூக்ளின் புரதம் குடலிலும் தென்படுகிறது.

இதில் அழற்சிக்கு (inflammation) என்ன பங்கு? நார்ச்சத்தை உண்டு, குடல் சுவரைக் காக்கும் கொழுப்பு அமிலங்களைத் தரும் பாக்டீரியாக்கள் இந்த நோயாளிகள் பலரிடம் குறைந்திருக்கின்றன. சுவர் தளர்ந்தால் அழற்சியைத் தூண்டும் பொருட்கள் ரத்தத்தில் கலக்கும். மூளையின் காவலாளிகளான மைக்ரோகிளியா செல்கள் அதைக் கண்டு உசுப்பேறி, அசைவுக்குத் தேவையான டோபமினைச் சுரக்கும் செல்களையே பதம்பார்க்கும் என்று கருதுகிறோம். 2016-இல் வெளியான ஆய்வில், இந்தப் புரதம் மிகையாகச் சுரக்கும் எலிகளைக் குடல் கிருமிகளே இல்லாமல் வளர்த்தபோது அழற்சியும் அசைவுக் கோளாறும் குறைந்தன. சரி, அது எலி. குடலைச் சுத்தம் செய்தால் பார்க்கின்சன் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் மாத்திரை வேலை செய்வதற்குக் குடல் கண்டிப்பாக ஒத்துழைக்க வேண்டும். மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபாதான் இந்த நோய்க்கு முக்கிய மருந்து; அது சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வயிறு மந்தமானால் தாமதமாகும்; புரத உணவோடு விழுங்கினால் இரண்டும் போட்டி போடும். "மாத்திரை போட்டும் மதியம் கால் நகரலை" என்றார் ஒருவர். விசாரித்தால், சாப்பாட்டோடு சேர்த்தே போட்டிருக்கிறார். அரை மணி முன்னதாக மாற்றினோம், மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுத்தோம். டோஸைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

அப்புறம், வாந்திக்கு மாத்திரை வாங்கும்போது பார்க்கின்சன் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு என்ற மருந்து மூளையில் டோபமினைத் தடுத்து நடுக்கத்தைக் கூட்டிவிடும்.