அரிப்பு அடங்கும், படர்தாமரை அடங்காது

கச்சான் காற்று அடிக்கிற வைகாசி, ஆனி மாதங்களில் திருகோணமலையில் பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தொடுவது புதினமில்லை. படர்தாமரைக்கு அந்தச் சூடு மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். கரைவலை இழுத்து இடுப்புவரை நனைந்த காற்சட்டை, இறுக்கிச் செருகிய சாரம், பகல் முழுக்கச் சப்பாத்துக்குள் கிடக்கும் கால் என்று வியர்வை காயாமல் நிற்கும் இடங்களே அதற்குத் தோது. தொடையிடுக்கிலும் இடுப்பிலும் கால்விரலிடுக்கிலும் அடிக்கடி வருவது அதனால்தான்.

இது ஒரு பங்கசு. பூஞ்சணம் என்றும் சொல்வோம். 'உடம்புச் சூட்டால்' வருவதில்லை, இரத்தம் கெட்டும் வருவதில்லை. தோலின் ஆக மேலே செத்த கலங்களால் ஆன மெல்லிய படை ஒன்று உண்டு. அந்தக் கலங்களை நிறைத்திருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் இதன் தீன். நொதியம் சுரந்து கெரட்டினைக் கரைத்துத் தின்றபடி இழைவிட்டுப் பரவும். கீழே இருக்கும் உயிருள்ள தோல் இதை உணர்ந்து சிவக்கிறது, மேற்படையை வழமையைவிட வேகமாக உதிர்க்கிறது. நடுவில் இருந்த பங்கசு செதிலோடு போய்விட, மிச்சம் புதுத் தோலைத் தேடி வெளிப்பக்கம் நகர்கிறது. நடு தெளிந்து விளிம்பு தடித்த அந்த வட்டம் உண்டாவது இப்படித்தான்.

ஆகவே பங்கசு மும்முரமாக இருப்பது விளிம்பில். பரிசோதனைக்குச் செதில் சுரண்டுவதும் அங்கேதான். அதில் 10% பொட்டாசியம் ஐதரொட்சைட்டுத் துளி விட்டால் தோற்கலங்கள் கரைந்து, பங்கசு இழைகள் மட்டும் நுணுக்குக்காட்டியில் தெளிவாகத் தெரியும். மருந்தையும் விளிம்பைத் தாண்டி 2 சென்ரிமீற்றர் வரை பூசவேண்டும். சிவந்த இடத்தில் மட்டும் பூசுவது, ஆள் போன பிறகு வீட்டைப் பூட்டுவது மாதிரி.

பெரும்பாலும் கெடுவது டியூப்பைத் தெரிவுசெய்வதில். ஸ்டீரொய்டும் பங்கசு மருந்தும் அன்ரிபயோட்டிக்கும் ஒன்றாகக் கலந்த கிரீம் ஒன்றை யாரோ சொல்லி வாங்குவார்கள். இரண்டே நாளில் கடி நின்றுவிடும், 'நல்ல மருந்து' என்று பெயரும் எடுத்துவிடும். உண்மையில் நடந்தது வேறு: சிவப்பையும் அரிப்பையும் உண்டாக்கியது பங்கசை எதிர்த்த நமது உடம்பு; ஸ்டீரொய்டு அந்த எதிர்ப்பை அடக்கிவிட்டது. தடுப்பாரில்லாமல் பங்கசு பரவுகிறது. பூசுவதை நிறுத்தியதும் முன்னையதைவிட அகலமாகக் கிளம்பும். வட்ட வடிவமும் கலைந்துபோவதால் டொக்டருக்கே அடையாளம் காண்பது கடினம். தொடையிடுக்கில் தோல் மெல்லியது, மடிப்பு மூடியும் இருக்கிறது. அங்கே ஸ்டீரொய்டு கூடுதலாக உள்ளிறங்கித் தோலை மெலியவைத்து வரிவரியாகப் பிளவுத் தழும்பு போடும். அந்த வரிகள் பிறகு முற்றாக மறைவதில்லை. பாமசியில் டியூப்பைத் திருப்பிப் பாருங்கள்: குளோபெற்றசோல், பீற்றாமெதசோன், டெக்சாமெதசோன், மொமெற்றசோன் என்று எந்த ஸ்டீரொய்டின் பெயர் இருந்தாலும் படர்தாமரைக்கு வேண்டாம்.

வேண்டியது 1% குளொட்ரிமசோல், நாளுக்கு இருமுறை. அல்லது 1% டெர்பினாஃபின், நாளுக்கு ஒருமுறை. சுட்டுவிரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அரைக் கிராம்; அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். கழுவி, ஈரம் துடைத்து, காயவிட்டுப் பூசுங்கள். ஐந்தாம் நாளில் அரிப்பு நின்றதும் டியூப்பை மூலையில் போடுவதுதான் வழமையான பிழை. மேற்படை முழுதாக மாறி உதிர வாரக்கணக்காகும். அதுவரை உள்ளே இழைகள் மிஞ்சியிருக்கும். பார்வைக்கு மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடரவேண்டும், மொத்தம் 2 முதல் 4 வாரம். தலைத்தோலிலும் நகத்திலும் வந்தால் கிரீம் போய்ச் சேராது, டொக்டர் தரும் குளிசை வேண்டும். 2020இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட டிரைக்கொஃபைட்டன் இண்டோட்டினியே என்ற பங்கசு வகை, டெர்பினாஃபினுக்கே பல வேளைகளில் மசிவதில்லை. ஒழுங்காக 4 வாரம் பூசியும் மாறவில்லையென்றால் இன்னொரு டியூப் வாங்காமல் செதிலைச் சோதிக்கக் கொடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் இரத்தத்தில் சீனியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்து பூசி, துவாயை எல்லோரும் பாவித்தால் பயனில்லை. மயிர் உதிர்ந்து திட்டுத்திட்டாகத் திரியும் பூனைக்குட்டியும் ஒரு காரணம். கன்னியா வெந்நீர் ஊற்றில் அள்ளி வார்த்தால் கடி சற்றுநேரம் அடங்கலாம்; குளிக்கத் தாங்கும் சூட்டில் பங்கசு சாகாது. உப்புவெளிக் கடலில் குளித்துவிட்டு நல்ல தண்ணீர் வார்க்காமல் விட்டால், காய்ந்த உப்பு உராய்ந்து புண்ணைக் கூட்டும்.

தேமல் இதன் தம்பியல்ல, வேறு குடும்பம். மலசீசியா என்ற மதுவம் (ஈஸ்ட் வகைப் பங்கசு) எல்லோருடைய தோலிலும் எப்போதும் இருக்கிறது, தோலின் எண்ணெயைத் தின்று வாழ்கிறது. வியர்வையும் எண்ணெய்ப் பூச்சும் கூடும்போது பெருகி, தோலுக்கு நிறம் தரும் மெலனின் உற்பத்தியைத் தடுக்கும் அமிலத்தை விடுகிறது. வெள்ளைத் திட்டு அதனால் வருகிறது. இது தொற்றாது. 2.5% செலினியம் சல்ஃபைட்டு ஷாம்பூவை உடம்பில் பூசி 10 நிமிடம் விட்டுக் கழுவி, இப்படி 7 நாள் செய்தால் மதுவம் அடங்கும். ஆனால் நிறம் திரும்ப மாதங்கள் எடுக்கும். 'மருந்து வேலை செய்யவில்லை' என்ற முறைப்பாடு இங்கேதான் பிறக்கிறது. திட்டை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். தவிடு போல உதிர்ந்தால் மதுவம் இன்னும் இருக்கிறது. உதிராவிட்டால் பெரும்பாலும் நிறம் மட்டுமே பாக்கி.

வெளிறிய திட்டில் செதிலும் இல்லை, அரிப்பும் இல்லை என்றால் இன்னொரு சோதனை உண்டு. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் திட்டையும் பக்கத்துத் தோலையும் மாறிமாறித் தொடுங்கள். திட்டில் உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோயாக இருக்கலாம், உடனே அரச வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குப் போகவேண்டும். மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம்.